அப்பாவின் தடுமாற்றம் பற்றி

வெள்ளவத்தை,
கொழும்பு.

அன்புள்ள மகனுக்கு,

ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் அப்பா பேத்தியின் பெயருக்குத் தடுமாறியதைக் கேட்டு நீ கலங்கிப்போனது உன் குரலிலேயே தெரிந்தது. அவர் அப்போதுதான் சாய்மனைக் கதிரையிலிருந்து எழுந்து, யன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றார் என்பதை நான் சொல்லத் தவறிவிட்டேன்.

சில வாரங்களாகக் கவனித்து வருகிறேன். விடியற்காலையில் சாமியறையில் நின்று தேவாரம் பாடும்போது இரண்டாம் அடியிலேயே சொல் அறுந்து, முகம் வெளிறி, கை சுவரைத் தேடுகிறது. பாயில் இருத்திச் சற்றுப் பொறுத்தால் அதே பதிகத்தைப் பிசகாமல் பாடி முடிக்கிறார்.

இதைக் கேட்ட வைத்தியர், அப்பாவை ஐந்து நிமிடம் படுக்க வைத்தும், பின்பு நிற்க வைத்து ஒன்றாம், மூன்றாம் நிமிடங்களிலும் பிரஷர் பார்த்தார். படுத்திருந்தபோது 148 ஆக இருந்த மேல் அளவு, நின்றதும் 116 ஆக இறங்கியது. எழுந்து நின்றதும் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தாலே கவனிக்க வேண்டுமாம். இத்தனை வருடமும் கதிரையில் இருத்தியே அளந்ததால் ஒருவர் கண்ணிலும் இது படவில்லை என்பது எனக்குப் பெரிய மனவருத்தம்.

நாம் எழுந்தவுடன் அரை லீற்றருக்குக் குறையாத இரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடும். கழுத்து நாடியில் உள்ள நரம்புகள் அதை உணர்ந்து இதயத்தை விரைவுபடுத்தி, இரத்தக் குழாய்களைச் சுருக்கும். முதுமையிலும் நீரிழிவிலும் அந்த வேகம் குறைகிறது. பிரஷர் குளிசையும் சிறுநீர்த் தடைக்கான குளிசையும் சேர்ந்தால் இன்னும் குறையும். அந்த இடைவெளியில் மூளைக்குப் போதிய இரத்தம் கிடைப்பதில்லை.

நெதர்லாந்தின் ரொட்டர்டாமில் 6,000க்கு மேற்பட்டோரைப் பல வருடங்கள் தொடர்ந்து கவனித்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், இப்படி அழுத்தம் விழுவோருக்கு மறதிநோய் வரும் வாய்ப்பு சுமார் 15 சதவீதம் கூடுதலாக இருந்தது. இதுதான் அதற்குக் காரணமென்று அந்த ஆய்வு நிறுவவில்லை. ஆனாலும் அலட்சியமாக விடமாட்டேன், நினைவாற்றல் பரிசோதனைக்கும் நாள் எடுத்திருக்கிறேன்.

பிரஷர் குளிசையை நிறுத்தலாமா என்று கேட்டிருந்தாய். நாமாக நிறுத்தினால் அழுத்தம் ஏறிப் பாரிசவாதம் வரக்கூடும். குறைப்பதும் மாற்றுவதும் வைத்தியரின் வேலை. இப்போது அப்பா கட்டில் விளிம்பில் இருந்து, காலை அசைத்து, தண்ணீர் குடித்த பிறகே எழுகிறார்.

இனி அழைக்கும்போது முதலில் என்னோடு பேசு. அவரை இருத்திவிட்டுத் தொலைபேசியைக் கொடுக்கிறேன். பெயர் கேட்டுச் சோதிக்காதே, பிள்ளையையே அவரோடு பேச விடு.

அன்புடன்,
அம்மா