செவுளைத் திறந்து பாருங்கள்: பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மீன் வளர்ப்போருக்கு ஒரு திறந்த மடல்

குளம் வெட்டிக் கட்லாவும் ரோகுவும் விட்டிருக்கும் அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும் வணக்கம்.

சந்தையில் மீன் வாங்கும்போது முதலில் என்ன செய்கிறோம்? கட்டைவிரலால் செவுள் மூடியைத் தூக்குகிறோம். சிவப்பாக இருந்தால் பையில் போடச் சொல்கிறோம். வெளுத்திருந்தால் அடுத்த கடைக்கு நகர்கிறோம். செத்த மீனுக்குக் காட்டும் இந்த அக்கறையைக் குளத்தில் நீந்தும் மீனுக்கு யார் காட்டுகிறோம்? நானும் காட்டியதில்லை. பட்ட பிறகுதான் எழுதுகிறேன்.

போன சித்திரையில் ஒரு விடியற்காலை, என் குளத்துக் கட்லாக்கள் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்து நின்றன. செவுள் புழு என்று நானே முடிவுகட்டி, வாங்கி வைத்திருந்த ஃபார்மலின் என்ற புழுக்கொல்லி மருந்தை ஊற்றினேன். வெயில் ஏறுவதற்குள் மீன்கள் மிதக்கத் தொடங்கின. துடித்துக்கொண்டிருந்த ஒன்றை எடுத்துச் செவுளைத் திறந்தேன். சிவப்பும் இல்லை, வெளுப்பும் இல்லை; கருப்பட்டிக் காப்பியின் நிறம். புழுவின் வேலை அல்ல அது, நைட்ரைட்டின் வேலை. மிஞ்சிய தீவனமும் மீனின் கழிவும் அம்மோனியாவாகி, அது நைட்ரைட்டாகி, செவுள் வழியே இரத்தத்தில் ஏறிவிட்டால் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்காது. தீவனத்தை நிறுத்தி, தண்ணீரை மாற்றி, அளவறிந்து கல்லுப்பு போட்டிருந்தால் பல மீன்கள் பிழைத்திருக்கும். உப்பிலுள்ள குளோரைடு நைட்ரைட்டை உள்ளே நுழையவிடாமல் மறிக்கும். நான் ஊற்றிய ஃபார்மலினோ, தண்ணீரில் இருந்த ஆக்சிஜனையும் குறைக்கும் சரக்கு.

செவுள் (நம் மலையாள அண்டைவீட்டாருக்குச் செகிள) மூச்சுக்கு மட்டுமானதன்று. அம்மோனியாவை வெளியேற்றுவதும் உடம்பின் உப்பைச் சரிக்கட்டுவதும் அதுதான். இவ்வளவும் நடப்பது மிக மெல்லிய தோலின் வழியாக. எரிச்சல் கண்டால் அந்தத் தோல் தடித்துவிடும், இதழோடு இதழ் ஒட்டிக்கொள்ளும், சளி மூடும். அப்புறம் தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் இரவெல்லாம் ஓடினாலும் மீனுக்கு மூச்சு முட்டும்.

சால்மன் வளர்ப்பவர்களுக்கு இது பழகிய தலைவலி. 1980களில் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவுக் கடல் கூண்டுகளில் ஓர் அமீபா செவுளில் ஒட்டிக்கொண்டு சால்மனைக் கொன்றது. பின்னர் ஸ்காட்லாந்திலும் நார்வேயிலும் தலைகாட்டியது. கடல் கூண்டில் இருக்கும் மீனை நன்னீரில் இரண்டு முதல் நான்கு மணி நேரம் குளிப்பாட்டி அதை விரட்டுகிறார்கள். உப்புநீர்ப் பிராணி என்பதால் நம் குளத்துக்கு அது வராது. அவர்களுடைய பழக்கம் வரலாமே! மீன் சாகும்வரை காத்திராமல், அவ்வப்போது சிலவற்றைப் பிடித்து மயக்கி, செவுளில் வெள்ளைச் சளித் திட்டு எவ்வளவு என்று 0 முதல் 5 வரை மதிப்பெண் போட்டு எழுதி வைக்கிறார்கள். எண் ஏறினால் குளியல்.

அவர்களைவிட நமக்குத்தான் அவசரம். 10 டிகிரித் தண்ணீர் ஒரு லிட்டரில் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். நம் கோடையின் 30 டிகிரியில் ஏழரைதான்.

வெளுத்த செவுளுக்கும் அழுகல் திட்டு விழுந்த செவுளுக்கும் பல காரணங்கள் இருக்கலாம். அவற்றை நுண்ணோக்கியில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அதற்குள் மருந்துக் கடைக்கு ஓடாதீர்கள்.

வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்கு என் குளத்தில் வலை இழுக்கிறேன். ஒரு டார்ச், ஒரு வெள்ளைத் தட்டு, ஒரு பழைய நோட்டு எடுத்துக்கொண்டு வாருங்கள். காப்பி என் செலவு.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்