எங்க ரப்பர் தோட்டத்து பாம்புக்கு அந்த ஊசி கேக்காது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். குலசேகரம் பக்கத்துல இருந்து எழுதுறேன், நானும் எங்க வீட்டுக்காரரும் ரப்பர் பால் வெட்டுறவங்க. பாம்புக்கடி செய்தின்னா நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைன்னு நாலு பேருதான் எப்பவும் வருது. எங்க கால்மாட்டுல அடிக்கடி கிடக்குறது அதுல சேராத அஞ்சாவது ஒண்ணு, மூக்கு தூக்கின குழிவிரியன். இங்க பலபேரு அதையும் சுருட்டைன்னேதான் சொல்லுறாங்க, வினையே அங்கதான் ஆரம்பிக்குது.

போன மழையில விடியறதுக்கு முன்னாடி, தலையில லைட்ட கட்டிக்கிட்டு பால் புடிக்கிற சிரட்டைய எடுக்க குனிஞ்சேன், பக்கத்துல ஒரு புழு நெளியுற மாதிரி இருந்துச்சு. உத்து பாத்தா அது பாம்போட வால் நுனி. தவளையும் அரணையும் புழுன்னு நெனச்சு கிட்ட வரட்டும்னு அப்படி ஆட்டுமாம். உடம்பு ஒரு முழம் கூட இல்ல, காஞ்ச ரப்பர் இலை நிறம், ரெண்டு பக்கமும் கருப்பு திட்டு, முக்கோண தலை, மூக்கு நுனி மட்டும் மேல தூக்கிட்டு இருந்துச்சு. நான் அசையல, அதுவும் ஓடல. சுருட்டைன்னா உடம்ப உரசி சரசரன்னு சத்தம் போடும், இது சத்தமே இல்லாம சுருண்டு தலைய மட்டும் தூக்கி வச்சுக்கிட்டு கிடந்துச்சு. கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவுல இருக்குற குழியால நம்ம உடம்பு சூட்ட அது தெரிஞ்சுக்கும், இருட்டு அதுக்கு ஒரு பொருட்டே இல்ல.

பக்கத்து வீட்டு மைனிய இதுதான் கடிச்சுது. ஆஸ்பத்திரியில சுருட்டைன்னு நெனச்சு விஷமுறிவு மருந்து பாட்டில் பாட்டிலா ஏத்துனாங்க. டியூப்ல ரத்தம் எடுத்து 20 நிமிஷம் வச்சு சாய்ச்சு பாத்தா உறையாம தண்ணி மாதிரி ஓடுது, மறுநாளும் அப்படியேதான், அப்புறம் கிட்னிக்கு டயாலிசிஸ் வரைக்கும் போயி பொழச்சு வந்தாங்க. டாக்டர்களை நான் குறை சொல்லல, அவங்க கையில இருக்குற மருந்தே அந்த நாலு பாம்பு விஷத்துல இருந்து செஞ்சதுதான, இதுக்கு எப்படி கேக்கும்? அதுக்காக கடிச்சா வீட்டுல இருந்துராதீங்க, இறுக்கி கட்டாம, கீறாம, உடனே 108க்கு கூப்பிடுங்க, ரத்தத்தையும் கிட்னியையும் ஆஸ்பத்திரியிலதான் பாத்துக்க முடியும்.

2024 நவம்பர்ல தமிழ்நாடு அரசு பாம்புக்கடிய கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயா சேத்திருக்கு, சந்தோஷம். ஆஸ்பத்திரிங்க அரசுக்கு அனுப்புற அந்த கணக்குல குமரி மாவட்டத்துக்கு இந்த பாம்புக்குன்னு தனி கட்டம் போட்டு எழுதணும், இப்படி எல்லாத்தையும் சுருட்டைன்னு எழுதிட்டே இருந்தா இதுக்கு மருந்து வேணும்னு யாருக்கு தோணும்? வடநெம்மேலி இருளர் கூட்டுறவு சங்கத்துல மருந்து செய்ய அந்த நாலு பாம்புகிட்ட இருந்து விஷம் எடுக்குற மாதிரி இதுகிட்ட இருந்தும் எடுக்க அரசு ஏற்பாடு செய்யணும். உங்க பேப்பர்லயும் இந்த பாம்பு படத்த ஒரு தடவை கலர்ல பெருசா போடுங்க, வெட்டி எடுத்து பால் ஷீட் அடிக்கிற கொட்டகையில ஒட்டி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பால் வெட்டுத் தொழிலாளி, குலசேகரம்