கட்டுரை வகுப்புக்கு ‘தண்ணீர்’ வரட்டும்

மொரீஷியஸ் உயர்நிலைப் பள்ளித் தமிழாசிரியர்களுக்கும் பாடத்திட்டம் வகுப்போருக்கும் வணக்கம்.

‘என் அண்டை வீட்டார்’ என்று தலைப்புக் கொடுத்தால் என்ன வரும் என்பது நம் எல்லோருக்கும் மனப்பாடம். நல்லவர், அன்பானவர், எல்லோருக்கும் உதவுவார். பிழை இருக்காது, ஆளும் இருக்கமாட்டார். மேல்வகுப்புகளின் கட்டுரைப் பாடத்தில் அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ நாவலைச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

குழாய் வற்றிய சென்னைத் தெரு, ஜமுனா, தங்கை சாயா, அக்கம்பக்கத்து டீச்சரம்மா. நாவல் சிறியது, வாக்கியங்களும் சிறியவை. வீட்டில் கிரியோல் பேசும் பிள்ளைக்கும் எட்டும். மழை பொய்த்தால் இங்கேயும் நேரம் பார்த்துத்தானே குழாயில் தண்ணீர் விடுகிறார்கள்? களத்தை விளக்கப் பாடவேளை வீணாகாது.

டீச்சரம்மா வரும் இரண்டு பக்கம் போதும். முதலில் ஆசிரியர் உரக்கப் படிக்கட்டும். அடுத்த வாசிப்பில் டீச்சரம்மா செய்வதையும் சொல்வதையும் மட்டும் மாணவர்கள் அடிக்கோடிடட்டும். பிறகு 120 சொற்களில் எழுதச் சொல்லுங்கள்: தண்ணீர் வரும் அரை மணி நேரம், அண்டை வீட்டார் இருவர், ஒரு வாளி. குணத்தைச் சொல்லும் பெயரடை கூடாது. யாருக்கு என்ன வேண்டும், குறுக்கே நிற்பது யார் என்பதை எழுதத் தொடங்குமுன்பே ஒரு வரியில் குறிக்க வேண்டும். இந்த வரியை விட்டால் கட்டுரை ‘நீரின்றி அமையாது உலகு’ என்று தொடங்கி நீர்ச் சிக்கனத்தில் போய் முடியும். அப்படி வந்தால் மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். ‘வாளி யார் கையில் இருந்தது?’ என்று ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுங்கள்.

உரையாடலில்தான் பிள்ளைகள் அதிகம் தடுமாறுகிறார்கள். ‘தாங்கள் நீர் எடுத்துவிட்டீர்களா?’ என்று குழாயடியில் யாரும் கேட்பதில்லை. இருவர் இருவராகக் கிரியோலில் பேசிப் பார்த்து, அதையே தமிழில் வாய்விட்டுச் சொல்லி, அதன்பின் எழுதட்டும்:

‘ஒரு வாளி புடிச்சுக்கட்டுமா அக்கா?’

‘என் டிரம் நெறயட்டும்.’

பேச்சு வழக்கு மேற்கோள் குறிக்குள் மட்டும்; விவரிப்பு எழுத்துத் தமிழில். எழுத்துப் பிழைக்கான மதிப்பெண்ணை விவரிப்பில் மட்டும் பாருங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை பயந்து ‘தாங்கள்’ என்றுதான் எழுதுவார்கள். சிறிய தீவு இது. உண்மையான அண்டை வீட்டாரின் பெயர்களையும் மாற்றச் சொல்லுங்கள்.

ஜமுனா உயிரை மாய்த்துக்கொள்ள முயலும் பகுதி நாவலில் உண்டு. முழு நாவலையும் 17 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கே கொடுங்கள். அதுவும் ஆசிரியர் முதலில் படித்த பிறகு. பகுதிகளை அச்சிடுமுன் பதிப்பகத்திடம் அனுமதி வாங்க வேண்டும். அசோகமித்திரன் மறைந்தது 2017இல். பதிப்புரிமை நடப்பில் இருக்கிறது.

இப்படிக்கு,
மொரீஷியஸில் தமிழ் எழுத்துப் பயிற்சி அளிப்போர் சிலர்