மின்மினியின் வயிற்றில் பாஸ்பரஸ் இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை சிறுவர் பக்கத்தில், “மின்மினியின் உடலிலும் கடல் நீரிலும் பாஸ்பரஸ் இருப்பதால்தான் அவை இரவில் ஒளிர்கின்றன” என்று ஒரு வரி வந்திருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

தாராவியில் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு 26 வருடமாக அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். முந்தின வாரத் தேர்வில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி இதே பதிலை எழுதியிருந்தாள். தப்பு என்று போட்டுவிட்டு, வகுப்பில் விளக்கமும் சொன்னேன். திங்கட்கிழமை காலை தங்கள் பக்கத்தைக் கத்தரித்து எடுத்துவந்து என் மேசையில் வைத்தாள். சாயங்காலம் அவள் அப்பாவும் வந்தார். இட்லி வியாபாரம் செய்பவர், விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து ஓடுகிறவர். மகளுக்காக நேரம் ஒதுக்கி வந்து, “பேப்பர்ல தப்பாவா டீச்சர் போடுவாங்க?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அவர் நம்பும் பேப்பரை நானும் 30 வருடமாகக் காசு கொடுத்து வாங்குகிறேன்.

விஷயம் தங்களுக்குத் தெரியாதது அல்ல. பாஸ்பரஸ் ஒளிரும் என்பது உண்மைதான். 1669இல் ஹாம்பர்க்கில் ஹென்னிக் பிராண்ட் சிறுநீரைக் காய்ச்சிப் பிரித்தெடுத்த வெள்ளைப் பாஸ்பரஸ், காற்றுப் பட்டதும் மெல்ல வேதிவினை புரிந்து ஒளி விட்டது. ‘ஒளியைச் சுமப்பது’ என்ற பொருளில் கிரேக்கப் பெயரும் கிடைத்தது. அந்தப் பெயரால் வந்த குழப்பம் இன்றுவரை தீரவில்லை. ஆனால் வெள்ளைப் பாஸ்பரஸ் கொடிய விஷம். அது வயிற்றில் இருந்தால் மின்மினி உயிரோடு இருக்காது.

மின்மினி தன் ஒளியைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. லூசிஃபெரின் என்ற பொருள் ஆக்சிஜனோடு சேர்கிறது, லூசிஃபெரேஸ் என்ற நொதி அதைச் சேர்த்துவைக்கிறது. 1880களில் பிரான்சின் ரஃபேல் டுபுவா இதைக் கண்டுபிடித்த விதம் என் பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். ஒளிரும் உயிரியை அரைத்துக் குளிர்ந்த நீரில் கரைத்தால் கொஞ்ச நேரம் ஒளிர்ந்து அணைந்துவிடும். வெந்நீரில் கரைத்தால் ஒளி உடனே அணைந்துவிடும். அந்த வெந்நீர்ச் சாறு ஆறியபின் அணைந்துபோனதில் ஊற்றினால் மறுபடியும் ஒளி வரும். சூடு நொதியைக் கெடுக்கிறது, லூசிஃபெரினைக் கெடுப்பதில்லை. கொதிக்கிற பாலில் உறை ஊற்றினால் தயிராகாது என்று அம்மாக்கள் சொல்வதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இது உடனே புரிகிறது. புரியவைக்க முடியாத விஷயம் என்று யாரும் சொல்ல முடியாது.

1947இல் பால்டிமோரில் வில்லியம் மெக்கல்ராய், மின்மினியின் ஒளிக்கு, செல்லுக்குச் சக்தி தரும் ஏ.டி.பி. என்ற பொருளும் வேண்டும் என்று காட்டினார். 100 மின்மினிக்கு 25 சென்ட் கொடுத்து ஊர்ப் பிள்ளைகளைத்தான் பிடித்துத் தரச் சொன்னார். ஏ.டி.பி.யில் பாஸ்பரஸ் சேர்ந்த பாஸ்பேட் இருக்கிறதே, நாங்கள் எழுதியது பாதி சரிதானே என்று தங்கள் உதவி ஆசிரியர் கேட்கலாம். ஏ.டி.பி. நம் எல்லோர் தசையிலும் இருக்கிறது. நாம் மின்மினி போல ஒளிர்வதில்லை.

கடலைப் பற்றி எழுதியதுதான் இன்னும் வருத்தம். நான் பிறந்தது மணப்பாட்டுப் பக்கம். அப்பா இருட்டில் வலை இழுக்கும்போது வலையின் கண்ணெல்லாம் நீலப் பொறி தட்டும். 2020 நவம்பரில் மும்பை ஜூஹு கடற்கரையில் அலை ஒளிர்ந்தபோது வீட்டுக்காரரோடு போய்ப் பார்த்தேன், அதே நீலம். நாக்டிலூகா என்ற ஒற்றைச் செல் உயிரி அது. அலையோ காலோ மோதினால் செல்லுக்குள் அமிலத்தன்மை ஏறி, நொதி வேலை செய்து, கண நேரம் மின்னுகிறது. மறுநாள் தங்கள் இதழ் ‘ரசாயனக் கழிவால் ஒளிரும் கடல்’ என்று தலைப்புப் போட்டது. சாக்கடை ஊட்டத்தால் நுண்ணுயிர்கள் பெருகுவது உண்டு, அது வேறு பேச்சு. ஒளி கழிவிலிருந்து வரவில்லை. முந்தின வருடம்தான், 2019 செப்டம்பரில், மன்னார் வளைகுடாவில் இதே நாக்டிலூகா பெருகிக் கடல் பச்சையாகி மீன்கள் செத்து ஒதுங்கின. மீனவர் வீடுகளிலும் தங்கள் இதழைப் படிக்கிறார்கள். எது விஷம், எது உயிர் என்று அவர்களுக்குச் சரியாகத் தெரிய வேண்டாமா? அப்போது இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். பதில் இல்லை. தபாலில் தொலைந்திருக்கும் என்று அடுத்த மாதம் மறுபடியும் அனுப்பினேன்.

அப்புறம் மகாராஷ்டிர மலைப்பகுதியான பண்டார்தாராவின் மின்மினிகள். மழைக்கு முன்னால், ஜூன் மாதத்தில், தங்கள் பயணப் பக்கம் விடுதிக் கட்டணம் வரை எழுதியது. விளக்கை அணைத்துவிட்டுப் போங்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. மின்மினி மின்னுவது துணையைக் கூப்பிட. எங்கள் தெருப் பிள்ளைகளை ஒரு வருடம் கூட்டிப்போனேன். ஒரு மரம் முழுக்க மின்னிக்கொண்டிருந்தது. கார் ஒன்று முகப்பு விளக்கோடு வந்து நின்றது, மரம் இருண்டுவிட்டது. பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள்.

மும்பைப் பதிப்பில் கும்பாபிஷேகமும் காதணி விழாவும் நினைவஞ்சலியும் வரட்டும். என் மாமியாரின் நினைவஞ்சலியும் அதில்தான் வந்தது. ஆனால் புதன்கிழமைதோறும் வந்த அறிவியல் கேள்வி-பதிலை நிறுத்தி எட்டு வருடமாகிறது. அதை வெட்டி ஒட்டித்தான் எங்கள் வகுப்புச் சுவர் நிறைந்தது. இடமில்லை என்று தொலைபேசியில் சொன்னார்கள். சரி என்று வைத்துவிட்டேன். அன்று சரி என்று சொல்லியிருக்கக் கூடாது.

இப்போது நான் கேட்பது ஒன்றுதான். அதே சிறுவர் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், ஒரு வரித் திருத்தம் போடுங்கள். வரும் ஞாயிறு முடியாவிட்டால் அதற்கடுத்த ஞாயிறு. வந்ததும் கத்தரித்து, அந்த இட்லிக்காரரிடம் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் அறிவியல் ஆசிரியை,
தாராவி, மும்பை.