கையில் அகப்படாத குச்சி

நீடாமங்கலம்
ஆடி 10

அன்புத் தோழிக்கு,

உன் கடிதத்துக்கு எட்டு மாதமாகப் பதில் எழுதாமல் இருந்ததற்கு மன்னித்துவிடு. அம்மா முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு இப்போதுதான் வாசல்வரை நடக்கிறார். நம் ‘பத்து மணி’ அக்காவை மன்னார்குடித் தேரில் பார்த்தேன். முதலில் உன்னைத்தான் விசாரித்தார்.

இன்று எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. சென்ற வாரம், குறுவை வயலில் களை பறிக்கும் ஒரு பெண், கையில் தோலுக்கடியில் வைத்த கருத்தடைக் குச்சியை எடுத்துவிடச் சொல்லி வந்தார். வைத்து ஓராண்டுதான் ஆகிறது. உதிரப்போக்கு எப்போது வரும், எப்போது நிற்கும் என்று தெரியாததால் சேற்றில் இறங்கவே அஞ்சுகிறார். இடது மேற்கையின் உட்புறத்தில் இரண்டு தழும்புகள் இருந்தன. வேறொரு மருத்துவமனையில் இரண்டு முறை கீறித் தேடிவிட்டு, கரைந்துபோயிருக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். 4 செ.மீ. நீளமும் 2 மி.மீ. பருமனும் உள்ள பிளாஸ்டிக் குச்சி எப்படியடி கரையும்? விரலுக்குத் தட்டுப்படாத ஒன்றை, கையின் முக்கிய ரத்தக்குழாயான பிரேக்கியல் தமனியும் மீடியன், அல்நார் நரம்புகளும் ஓடுகிற இடத்தில் கத்தியை விட்டுத் தேடியிருக்கிறார்களே என்பதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பதறுகிறது.

அவரை மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்கையை மடக்கி உள்ளங்கையைத் தலைக்கடியில் வைக்கச் சொல்லி, அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் கருவியில் தைராய்டு பார்க்கும் நேர்முனை லீனியர் புரோபைக் குறுக்குவாட்டில் வைத்து, முழங்கையிலிருந்து அக்குள் நோக்கி மெல்ல நகர்த்தினேன். வயிறு பார்க்கும் வளைந்த புரோப் இதற்குப் பயன்படாது. ஒலி அலை 10 மெகாஹெர்ட்ஸுக்குக் குறையாமல் இருந்தால்தான் தோலை ஒட்டிய இடம் தெளிவாகத் தெரிகிறது. குச்சி ஒரு வெண்புள்ளியாகத்தான் தெரியும், ஆனால் கொழுப்பிலும் நாரிலும் அப்படி எத்தனையோ புள்ளிகள். பித்தப்பைக் கல்லைக் காட்டி, ‘கல்லைத் தேடாதே, நிழலைத் தேடு’ என்று நீ அன்று சொன்னது அப்போதுதான் கைகொடுத்தது. புள்ளிக்குக் கீழே நேராக விழுந்த கருநிழலைப் பிடித்துக்கொண்டு மேலே போனதும், தசையின் உறைக்கு அடியில், தோலிலிருந்து ஏறத்தாழ 9 மி.மீ. ஆழத்தில் குச்சி இருந்தது. நரம்பும் தமனியும் தள்ளியிருந்தன. ஒட்டியிருந்தால் நான் தொட்டிருக்கவே மாட்டேன், அறுவை நிபுணரிடம் அனுப்பியிருப்பேன். இரு முனைகளையும் பேனாவால் தோலில் குறித்தேன். கையை அசைத்தால் குறி இடம் மாறிவிடும் என்பதால், அவரை அப்படியே இருக்கச் சொல்லி, குச்சிக்கு அடியில் மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெயின் ஊசி போட்டு, சிறு கீறல் வழியாக, ஆண் கருத்தடை அறுவையான வாசக்டமிக்கு உதவும் வளைய முனை ஃபோர்செப்ஸால் பிடித்து இழுத்தேன். எடுத்ததை அளவுகோலில் வைத்துக் காட்டினேன்: முழுதாக 4 செ.மீ. அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், “அப்போ நான் பொய் சொல்லலைன்னு அவங்களுக்குத் தெரியுமா டாக்டரம்மா?” என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

2013-க்குப் பிறகு விலை பாதியாகக் குறைந்து, ஆப்பிரிக்க நாடுகளில் குச்சி வைத்துக்கொள்பவர்கள் பெருகியபோது, எடுக்கத் தெரிந்தவர்கள் அதே வேகத்தில் பெருகவில்லை என்று கம்பாலாவிலிருந்து நீ எழுதியிருந்தாய். இப்போது நம் அரசுத் திட்டத்திலும் அது சேர்ந்துவிட்டது. நல்ல முறை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் வேண்டாம் என்று சொல்லும் நாளில் எடுத்துக் கொடுக்க ஆள் இல்லாவிட்டால், வைத்துக்கொள்வதா என்று அவளிடம் கேட்டதற்கு என்ன பொருள்?

ஸ்கேன் கருவியை ஊர் ஊராகத் தூக்கிப் போகவும் முடியாது. கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது பதிவு பெற்ற இடத்தில் இருக்க வேண்டும். பெண் சிசுக்களைக் காக்க வந்த அந்தச் சட்டம் தளர வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆகவே பெண்ணைத்தான் கருவியிடம் அழைத்து வர வேண்டும். அதற்கு, தட்டுப்படாவிட்டால் கீறாமல் அனுப்பு என்பது ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஸ்கேனில் காணாவிட்டாலும், பேரியம் கலந்த வகையாக இருந்தால் எக்ஸ்ரேயில் தெரியும் என்பதையும் சொல்லித்தர வேண்டும்.

புரட்டாசியில் இரண்டு நாள் வா. எங்கள் பயிற்சி மருத்துவர்கள் மூவரும் இரண்டு செவிலியரும் ஆவலாக இருக்கிறார்கள். கோழித் தொடையில் மாதிரிக் குச்சியைச் செருகித் தேடிப் பழகலாம். குச்சிகளுக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். கோழி வாங்குவது என் பொறுப்பு. எந்த ரயில் என்று மட்டும் எழுது, ஜங்ஷனுக்கு நானே வருகிறேன்.

உன்
அறைத்தோழி