ஃபெயில் என்றால் எதில் ஃபெயில் என்று எழுதிக் கொடுங்கள்

போக்குவரத்துத் துறை உயர் அதிகாரிகளுக்கும் மோட்டார் வாகன ஆய்வாளர்களுக்கும்,

வணக்கம். 15 ஆண்டு முடிந்த சொந்தக் காரின் ஆர்.சி.யை, அதாவது பதிவுச் சான்றிதழைப் புதுப்பிப்பது எப்படி நடக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன். மூன்று முறை வண்டியைச் சோதனைக்குக் கொண்டுவந்தேன். மூன்று முறையும் திருப்பி அனுப்பினீர்கள். ஒரு முறைகூடத் துண்டுக் காகிதம் தரவில்லை. எந்த அலுவலகம், எந்த ஆய்வாளர் என்று இங்கே எழுதப் போவதில்லை. ஒருவர் மேல் புகார் கொடுத்துத் தீர்கிற சங்கதி இல்லை இது.

வண்டி 2010-இல் வாங்கிய ஆல்டோ. கடலூரில் உப்புக்காற்று குடித்தே வளர்ந்தது. 'தானே' புயலையும் பார்த்தது. 2024 டிசம்பரில் தென்பெண்ணை பெருகி வந்தபோது இரண்டு நாள் கதவு வரை தண்ணீரில் நின்றது. அதற்கு நோயே இல்லை என்று நான் வாதாட வரவில்லை.

முதல் முறை, "ஹெட்லைட் மங்கலா இருக்கு, சரி பண்ணிட்டு வாங்க" என்றார்கள். உண்மைதான். வெயிலில் கண்ணாடி மஞ்சள் பூத்திருந்தது. பாலிஷ் போட்டு, பல்பு மாற்றி, சுவரில் வெளிச்சம் அடித்து ஃபோகஸ் பார்த்துக் கொண்டுபோனேன். இரண்டாம் முறை, "ஹேண்ட் பிரேக் பிடிக்கலையே" என்றார்கள். அதுவும் உண்மை, கேபிள் துருப்பிடித்து இறுகியிருந்தது. மாற்றினேன். மூன்றாம் முறைதான் ஒருவர் குனிந்து அடியில் பார்த்தார். "அடியெல்லாம் துரு. வெல்டிங் போட்டுட்டு வாங்க."

ஐயா, அந்தத் துரு மூன்றாவது முறைக்காக முளைத்து வந்ததா? முதல் நாளே இருந்தது. ஹேண்ட் பிரேக்கும் முதல் நாளே அப்படித்தான் இருந்தது. மூன்றையும் ஒரே சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தால் ஒரே வாரத்தில் முடித்திருப்பேன். மூன்று நாள் லீவு போனது, சம்பளம் போனது. அதுகூடப் பெரிதில்லை.

டிங்கரிங் பட்டறையில் வண்டியைத் தூக்கி நிறுத்தி, ஜாக்கி வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் மேஸ்திரி ஸ்க்ரூ டிரைவரை வைத்து லேசாகத்தான் அழுத்தினார். பிடி வரை உள்ளே போய்விட்டது. உருவியபோது நொறுங்கிய அப்பளம் மாதிரித் தகடு உதிர்ந்தது. அதற்கு நேர் மேலேதான் இடது பக்க சீட். என் அம்மா உட்காரும் இடம். மாதம் ஒரு முறை அவரை ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிற வண்டி இது.

இப்போது சொல்லுங்கள். ஹெட்லைட்டும் ஹேண்ட் பிரேக்கும் முதல் நாளே சரியாக இருந்திருந்தால், அன்றே பாஸ் போட்டு அனுப்பியிருப்பீர்களா? அந்த ஓட்டைத் தகட்டின் மேல் இன்னும் ஐந்து ஆண்டு ஓடலாம் என்று கையெழுத்து விழுந்திருக்குமா? டயரை இன்று வரை ஒருவரும் பார்க்கவில்லை. டயரில் இருக்கிற வரிப்பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது உங்கள் விதிதான். என் டயர் தேறும். நானே அளந்து பார்த்துவிட்டேன். வேறு யார் அளப்பார்கள்?

என் கோரிக்கை ஒன்றே ஒன்று. பாஸ் போடச் சொல்லிக் கேட்கவில்லை. ஃபெயில் போடுங்கள், ஆனால் எதில் ஃபெயில் என்று எல்லாவற்றையும் முதல் நாளே எழுதிக் கொடுங்கள்.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்த உரிமையும் அல்ல. பதிவைப் புதுப்பிக்க மறுத்தால் உத்தரவின் நகலைக் காரணத்தோடு விண்ணப்பித்தவருக்குத் தர வேண்டும் என்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு சொல்கிறது. அந்த உத்தரவு கைக்கு வந்த 30 நாளில் மேல்முறையீடு செய்யலாம் என்று 57-ஆம் பிரிவு சொல்கிறது. சூட்சுமம் எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். நீங்கள் மறுக்கவே இல்லை. "சரி பண்ணிட்டு வாங்க" என்று மட்டும்தான் சொல்கிறீர்கள். மறுப்பு இல்லாததால் உத்தரவு இல்லை, உத்தரவு இல்லாததால் முறையீடும் இல்லை. வெளியே டீக்கடை ஓரம் நிற்கிறவர் மட்டும் இருக்கிறார். "அண்ணே, எங்கிட்ட கொடுத்திருந்தா மொத தடவையே முடிஞ்சிருக்கும்" என்று அன்பாகச் சொன்னார்.

புதுச்சேரியில் என் மனைவி வீட்டார் சொல்தா குடும்பம், அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்தவர்கள் வழி வந்த குடும்பம். மச்சான் பாரிஸ் பக்கம் இருக்கிறார். அவருடைய பழைய கிளியோ காரும் போன வருடம் அங்கே சோதனையில் ஃபெயில் ஆனது. அங்கே நாலு வயதான காருக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை சோதனை. 2018 மே மாதத்திலிருந்து 133 இடங்களைப் பார்க்கிறார்கள். குறையை மூன்று ரகமாகப் பிரித்து அச்சடித்துக் கையில் கொடுக்கிறார்கள். சின்னக் குறை என்றால் ஓட்டலாம். பெரிய குறை என்றால் இரண்டு மாதத்தில் சரிசெய்து மறுபடி காட்ட வேண்டும். உயிருக்கு ஆபத்தான குறை என்றால் அன்று நள்ளிரவுக்கு மேல் வண்டியை எடுக்கக் கூடாது. மச்சானும் திட்டிக்கொண்டேதான் செலவு செய்தார். ஆனால் எதற்குச் செலவு செய்கிறோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

133 வேண்டாம், ஐயா. நமக்குப் பத்து போதும். விளக்கு, பிரேக், ஹேண்ட் பிரேக், டயர், ஸ்டியரிங், வைப்பர், ஹாரன், கண்ணாடி, சைலன்சர், அடித்தகடு. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு டிக் அல்லது ஒரு பெருக்கல் குறி. 2022 ஏப்ரலில் புதுப்பிப்புக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனதே, அந்த வித்தியாசத்தில் ஒரு தாள் அடங்காதா?

ஆர்.சி. காலாவதியான வண்டியை எடுக்கப் பயந்து சென்ற மாதம் அம்மாவைப் பஸ்ஸில் கூட்டிப்போனேன். முதல் படியிலேயே முழங்கால் மடங்கவில்லை. நான் பின்னால் நின்று தூக்க வேண்டியதாயிற்று. சாயங்காலம் திரும்பும்போது எங்கள் பஸ்ஸுக்கு முன்னால் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று. பின் விளக்கு இல்லை, ரிஃப்ளெக்டர் இல்லை, நம்பர் பிளேட்டைக் கரும்புத் தோகை மூடியிருந்தது. அதற்கு எந்தப் பிரேக் இன்ஸ்பெக்டர், எந்த மாதம், எங்கே குனிந்து பார்த்தார் என்று அறிய எனக்கும் ஆசைதான். ரோட்டில் இருக்கிற பள்ளங்களுக்கும் வருடாவருடம் தகுதிச் சான்று உண்டா என்றும்…

மன்னிக்கவும். கேட்க வந்தது வேறு.

வெல்டிங் முடிந்துவிட்டது. அடுத்த வாரம் நான்காவது முறையாக வருகிறேன். தயவுசெய்து அன்றைக்காவது முழுதாகப் பாருங்கள். குறை இருந்தால் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். தாள் இல்லை என்றால் சொல்லுங்கள், கார்பன் பேப்பரோடு நானே வாங்கி வருகிறேன்.

இப்படிக்கு,
பணிவுடன்,
கடலூரிலிருந்து ஒரு பழைய ஆல்டோக்காரன்