ஓட்டு எப்படிக் கிடைத்தது என்பதைச் சொல்லவில்லையே!

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த, அமெரிக்காவில் ஐரிஷ்காரர்கள் காலூன்றிய கதையை ஒரே மூச்சில் படித்தேன். உருளைக்கிழங்குப் பஞ்சம், கப்பல் பயணம், பாஸ்டனில் பட்ட அவமானம், 1880-இல் வில்லியம் கிரேஸ் நியூயார்க் மேயராகத் தேர்வானது, நான்கு வருடம் கழித்து பாஸ்டனில் ஹியூ ஓபிரையன் ஜெயித்தது எல்லாம் சரி. ஆனால் இந்த உயர்வுக்குக் கட்டுரையாளர் சொல்லும் காரணம் உழைப்பும் ஒற்றுமையும்தான். அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

உழைப்பு சீனர்களிடம் இல்லையா, கறுப்பின மக்களிடம் இல்லையா? ஐரிஷ்காரர்களிடம் கூடுதலாக இருந்தது ஓட்டு. 'சுதந்திரமான வெள்ளையர்' மட்டுமே குடியுரிமை பெறலாம் என்றது 1790-ஆம் ஆண்டுச் சட்டம். 1802 முதல் ஐந்து வருடம் வசித்தால் போதும் என்றானது. அயர்லாந்தின் கார்க் மாவட்டத்திலிருந்து கட்டிய துணியோடு வந்து இறங்கிய ஆண்பிள்ளை வெள்ளையராக இருந்ததால் அந்தக் கணக்கில் வந்துவிட்டார். நியூயார்க்கில் நடந்ததையும் பாருங்கள். ஓட்டுப் போடச் சொத்து வேண்டும் என்ற விதியை 1821-இல் வெள்ளையர்களுக்கு எடுத்துவிட்டு, கறுப்பர்களுக்கு மட்டும் 250 டாலர் சொத்து என்று வைத்தார்கள். அது 1870 வரை நீடித்தது. நியூயார்க் ஜனநாயகக் கட்சியை ஆட்டிவைத்த டாமனி ஹால் அமைப்பின் ஆட்கள் ஐரிஷ்காரர்களுக்கு வேலையும், குளிருக்கு நிலக்கரியும், குடியுரிமைப் பத்திரமும் ஏற்பாடு செய்து கொடுத்தது தரும சிந்தனையால் அல்ல, ஓட்டுக்காக. எதிரிகளுக்கும் விஷயம் தெரிந்திருந்தது. குடியேறிகளை எதிர்த்த 'நோ நத்திங்' கட்சிக்காரர்கள் போப்பாண்டவரைத் திட்டியதெல்லாம் ஒரு பக்கம். ஐந்து வருடத்தை 21 ஆக்கு என்பதுதான் அவர்களுடைய முக்கியமான கோரிக்கை.

உள்நாட்டுப் போர் என்றதும் கட்டுரை ஃபிரெடெரிக்ஸ்பர்க் சண்டையில் ஐரிஷ் படையணி காட்டிய வீரத்தோடு நின்றுவிடுகிறது. அதற்கு ஏழு மாதம் கழித்து, 1863 ஜூலையில் நியூயார்க்கில் நடந்தது எங்கே போயிற்று? கட்டாய ராணுவ சேவையிலிருந்து தப்ப 300 டாலர் கட்டலாம் என்றது சட்டம். அது ஒரு கூலியாளின் ஏறக்குறைய ஒரு வருடச் சம்பளம். கோபம் நியாயமானது. ஆனால் ஐரிஷ்காரர்கள் பெரும்பான்மையாக இருந்த அந்தக் கூட்டம் போய் விழுந்தது யார் மேல்? ஐந்தாம் அவென்யூவில் இருந்த கறுப்பினக் குழந்தைகளின் அநாதை இல்லத்தைச் சூறையாடித் தீ வைத்தார்கள். உள்ளே இருநூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகள். அவர்கள் பின்வாசல் வழியாகத் தப்பினார்கள். தெருக்களில் கறுப்பின ஆண்களை விளக்குக் கம்பங்களில் தூக்கிலிட்டார்கள். கலகத்தை அடக்கப் போய் அடித்துக் கொல்லப்பட்ட கர்னல் ஹென்றி ஓபிரையனும் ஐரிஷ்காரர்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

'அந்தக் காலம் அப்படி' என்று யாராவது சமாதானம் சொல்லலாம். அது செல்லாது. 1841-இலேயே ஐரிஷ் மக்கள் தலைவர் டேனியல் ஓ'கானெல் உள்ளிட்ட சுமார் அறுபதாயிரம் பேர் அயர்லாந்தில் கையெழுத்திட்டு ஒரு வேண்டுகோள் அனுப்பினார்கள்: அமெரிக்காவில் உள்ள நம் மக்களே, அடிமை முறையை எதிர்ப்பவர்களோடு சேருங்கள் என்று. அதைக் கடல் கடந்து கொண்டுபோனவர் சார்லஸ் ரெமண்ட் என்ற கறுப்பினப் பேச்சாளர். அடுத்த ஜனவரியில் பாஸ்டன் ஃபேன்யூல் ஹாலில் அதைப் படித்துக் காட்டினார்கள். நியூயார்க் பிஷப் ஜான் ஹ்யூஸோ, அது உண்மையானதுதானா என்றே சந்தேகம் கிளப்பினார். உண்மையானாலும் வெளியிலிருந்து வரும் தலையீட்டை ஏற்கக் கூடாது என்றார். சொந்த ஊரில் தெய்வமாகக் கொண்டாடிய ஓ'கானெலின் பேச்சு அமெரிக்காவில் எடுபடவில்லை.

அப்புறம் டெனிஸ் கியர்னி. பஞ்சம் உச்சத்தில் இருந்த 1847-இல் கார்க் மாவட்டத்தில் பிறந்தவர். சான் ஃபிரான்சிஸ்கோவில் வண்டி வைத்துச் சரக்கு ஏற்றிப் பிழைத்தவர். குடியுரிமை வாங்கியது 1876-இல். மறு வருடமே தொழிலாளர் கட்சி ஒன்றின் தலைவராகி, 'சீனர்கள் வெளியேற வேண்டும்' என்று மேடைக்கு மேடை முழங்கினார். சீனத் தொழிலாளர்கள் அமெரிக்காவுக்குள் வருவதைத் தடுத்த சீனர் விலக்குச் சட்டம் 1882-இல் வந்தது. ஓட்டு இல்லாத சீனர்களால் கியர்னியைத் தேர்தலில் எதுவும் செய்ய முடியவில்லை.

அடுத்த பகுதி தொழிற்சங்கங்களைப் பற்றி என்று போட்டிருக்கிறீர்கள். அதில் டெரன்ஸ் பவுடர்லி கட்டாயம் வருவார். ஐரிஷ் பெற்றோரின் மகன், 'நைட்ஸ் ஆஃப் லேபர்' சங்கத்தின் தலைவர், ஸ்க்ராண்டன் நகர மேயர். அவர் சீனர் விலக்கை ஆதரித்ததையும், 1897-இல் குடியேற்றத் துறையின் தலைமை ஆணையராகி அதே சட்டத்தை நடைமுறைப்படுத்தும் நாற்காலியில் உட்கார்ந்ததையும் விட்டுவிடாமல் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தென்காசி.